நியூ வேகஸில் என்.சி.ஆர். பக்கம் சேர்வது எப்படி? புதிதாக ஆடுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஃபால்அவுட்: நியூ வேகஸ் 2010இல் வந்த கேம். இன்றும் புதிதாக யாராவது அதை ஆடத் தொடங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களில் பலர் முதல் ஆட்டத்தில் நியூ கலிஃபோர்னியா ரிபப்ளிக், அதாவது என்.சி.ஆர்., பக்கம் போகலாம் என்றுதான் நினைக்கிறார்கள். அணு ஆயுதப் போருக்குப் பிறகும் வரி, ராணுவம், தேர்தல், தூதரகம் என்று ஒரு அரசாங்கத்துக்கு உரிய எல்லாமும் வைத்திருக்கிற கூட்டம் அது. கொடியில் இரட்டைத் தலைக் கரடி.

பிரச்சினை என்னவென்றால், இங்கே 'சேருகிறேன்' என்று சொல்லிச் சேர முடியாது. விண்ணப்பம் கிடையாது. சில்லறை வேலைகளைச் செய்து பெயர் வாங்கி, ஒவ்வொரு அதிகாரியாகத் தாண்டி மேலே போக வேண்டும். வேலைகளை வரிசை மாற்றிச் செய்தால் நல்ல வழிகள் சத்தமில்லாமல் அடைபட்டுப்போகும். கேம் அதை உங்களுக்குச் சொல்லவும் சொல்லாது. என்னைப் பாதியில் திருப்பியடித்தது சண்டைகள் அல்ல, இந்த வரிசைதான். அதனால் கீழே உள்ளதைப் போகிற போக்கில் படிக்காமல், ஒவ்வொரு படியையும் தொடங்கும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

கதையின் திருப்பங்களை முடிந்தவரை மறைத்திருக்கிறேன். ஆனாலும் இது வழிகாட்டி. சில விஷயங்களைச் சொல்லாமல் இருக்க முடியாது.

1. முதலில் பெயர்க் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள்

பிப்-பாயில் (உங்கள் கையில் கட்டியிருக்கும் கணினி) ஒவ்வொரு கூட்டத்திடமும் உங்கள் பெயர் எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். நற்பெயர், கெட்டபெயர் இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. நல்ல வேலை செய்தால் பழைய கெட்டது கழியும் என்று நினைக்காதீர்கள், கழியாது. பத்து வீரர்களைக் காப்பாற்றிவிட்டு ஒருவரைச் சுட்டால் இரண்டும் பதிவாகும், உங்களுக்கு 'மிக்ஸ்ட்' மாதிரி ஒரு கலவையான பட்டம்தான் மிஞ்சும்.

நமக்கு வேண்டிய பட்டங்கள் ஏறுவரிசையில் 'அக்செப்டட்', 'லைக்ட்', 'ஐடலைஸ்ட்'. முதல் இலக்கு அக்செப்டட். அது வந்தாலே சில கதவுகள் திறக்கும். பெயர் ஏற ஏற ரேஞ்சர்கள் எனப்படும் என்.சி.ஆர். சிறப்பு வீரர்களின் பாதுகாப்பு வீட்டுச் சாவி, அவசரத்துக்கு ஆள் கூப்பிட ஒரு ரேடியோ என்று சலுகைகள் தானாகத் தேடி வரும்.

தொடக்கத்திலேயே ஏதோ ஏடாகூடம் ஆகிவிட்டதா? பயப்பட வேண்டாம். வேகஸின் சூதாட்ட வீதியான ஸ்ட்ரிப்பில் நீங்கள் காலூன்றிய பிறகு என்.சி.ஆரின் ஆள் ஒருவர் தேடிவந்து, பழையதை எல்லாம் மன்னித்ததாகச் செய்தி சொல்வார். கெட்டபெயர் அழியும். ஆனால் ஒரே ஒருமுறைதான். அதற்குப் பிறகு செய்வதெல்லாம் கடைசிவரை கூடவே வரும்.

2. எந்தச் சட்டை போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள்

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கூட்டங்களின் சீருடைகள் இந்தக் கேமில் மாறுவேடமாகவே வேலை செய்யும். பவுடர் கேங்கர் என்ற கைதிக் கும்பலில் ஒருவனைக் கொன்று அவன் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு என்.சி.ஆர். முகாமுக்குப் போனால், உங்கள் பெயர் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சுடுவார்கள். என்.சி.ஆரின் பரம எதிரியான சீசரின் லீஜன் படை உடைக்கும் இதே கதிதான். என்.சி.ஆர். சீருடையோடு சுற்றினால் லீஜன்காரன் தூரத்திலிருந்தே பாய்வான்.

'ஏன் எல்லாரும் திடீரென்று என்னை அடிக்கிறார்கள்?' என்று தோன்றினால் முதலில் உடையைப் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதுவாகத்தான் இருக்கும். சாதாரண லெதர் ஆர்மர் போதும், எங்கும் போகலாம்.

3. தெற்கு வழியாகவே போங்கள்

கேம் தொடங்கும் ஊரான குட்ஸ்பிரிங்ஸிலிருந்து பார்த்தால் வடக்கே வேகஸ் விளக்குகள் பக்கத்தில்தான் தெரியும். நேராகப் போகலாமே என்று தோன்றும். போனால் ஒரு பக்கம் கசடோர்கள் என்ற விஷப் பூச்சிகள், இன்னொரு பக்கம் குவாரி ஜங்ஷனில் டெத்க்ளாக்கள் என்ற ராட்சத மிருகங்கள். குறைந்த லெவலில் திரும்பி வர மாட்டீர்கள்.

தெற்கே பிரிம், மொஹாவி அவுட்போஸ்ட், நிப்டன், நோவாக், போல்டர் சிட்டி, 188 டிரேடிங் போஸ்ட், ஃப்ரீசைடு என்று சுற்றிக்கொண்டு போங்கள். இந்த வழி நெடுக என்.சி.ஆர். வேலைகள் கொட்டிக்கிடக்கின்றன. ஸ்ட்ரிப் வாசலுக்குப் போய்ச் சேரும்போது உங்கள் பெயர் தானாகவே ஏறியிருக்கும்.

4. சில்லறை வேலைகளை முடியுங்கள்

மொஹாவி அவுட்போஸ்ட்: உள்ளே ரேஞ்சர் ஜாக்சன் இருப்பார். சாலையில் ராட்சத எறும்புகளைத் தீர்த்துக்கட்டச் சொல்வார். எளிய வேலை, உடனே பெயர் கிடைக்கும். கூரைமேல் காவல் நிற்கும் ரேஞ்சர் கோஸ்ட், நிப்டனில் எழும் புகையைப் பார்த்துவரச் சொல்வாள். அங்கே நீங்கள் பார்க்கப்போவது நன்றாக இருக்காது. லெவல் போதாவிட்டால் அங்கே நிற்கும் லீஜன் தலைவனிடம் கை வைக்காதீர்கள். கேட்டுவிட்டு வந்து கோஸ்டிடம் சொன்னால் போதும்.

அதே அவுட்போஸ்ட்டில் மேஜர் நைட் துப்பாக்கிகளைப் பழுது பார்த்துத் தருவார், கேப்ஸ் (இங்கே பணமாகப் புழங்கும் பாட்டில் மூடிகள்) வாங்கிக்கொண்டு. காகித வேலையும் அவரிடம்தான். பிரிமுக்கு ஷெரிஃப் வேண்டும் என்ற குவெஸ்ட்டில் ஊரை என்.சி.ஆர். பாதுகாப்பில் விட வேண்டுமென்றால் கூடுதல் படைக்கு நைட்டைத்தான் சம்மதிக்கவைக்க வேண்டும். மாறாக முன்னாள் கைதி மேயர்ஸை ஷெரிஃபாக்க வேண்டுமென்றால் அவருக்கு மன்னிப்பு வாங்குவதும் நைட்டிடம்தான். என்.சி.ஆர். பெயருக்கு முதல் வழி நல்லது. ஆனால் ஊர்க்காரர்கள் வரி கட்ட வேண்டியிருக்கும், அதற்கு முணுமுணுப்பார்கள். எனக்கு மேயர்ஸ்தான் பிடிக்கும், அது வேறு விஷயம்.

ஹீலியோஸ் ஒன்: சூரிய மின் நிலையம். மின்சாரத்தை எங்கே அனுப்புவது என்று முடிவு செய்யும் இடத்தில் மக்கேரனும் (என்.சி.ஆரின் முகாம்) ஸ்ட்ரிப்பும் என்ற தேர்வை எடுத்தால் என்.சி.ஆர். மகிழும். அங்கே ஒரு ஆயுதத்தை இயக்கவும் வழி உண்டு. வெளியே நிற்கும் என்.சி.ஆர். வீரர்களின் மேலேயே அது விழும், அதனால் ஆசைப்படாதீர்கள்.

கேம்ப் ஃபோர்லோர்ன் ஹோப்: 'ரீஸ்டோரிங் ஹோப்' குவெஸ்ட் முழுவதையும் செய்யுங்கள். காணாமல் போன சரக்கைத் தேடுவது, மருத்துவக் கூடாரத்தில் டாக்டர் ரிச்சர்ட்ஸுக்கு உதவுவது, கடைசியில் லீஜன் பிடித்துவைத்திருக்கும் நெல்சன் ஊரைத் தாக்குவது. மெடிசின் ஸ்கில் கொஞ்சம் இருந்தால் கூடாரத்தில் உயிர்களைக் காப்பாற்றலாம். அங்கேயே பிரைவேட் செக்ஸ்டன் லீஜன்காரர்களின் காதுகளைச் சேகரித்துக்கொண்டிருப்பான். கேட்கக் கொஞ்சம் அருவருப்புதான். ஆனால் லீஜனோடு எப்படியும் சண்டை போடப்போகிறீர்கள், காதுகளைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள்.

இந்தக் கட்டத்தில் கிடைக்கும் என்.சி.ஆர். நோட்டுகளைத் தூக்கிப்போடாதீர்கள். 100 டாலர் நோட்டு 40 கேப்ஸ், 20 டாலர் 8, 5 டாலர் 2. எடையே கிடையாது.

5. ஸ்ட்ரிப்புக்குள் நுழையும் ஆவணம்

என்.சி.ஆர். தூதரகம் ஸ்ட்ரிப்புக்குள் இருக்கிறது. ஸ்ட்ரிப் வாசலில் செக்யூரிட்ரான் ரோபோக்கள். ஓடி உள்ளே போகப் பார்த்தால் சுடும். முறையான வழிகள் இவை:

கையில் 2000 கேப்ஸ் இருப்பதைக் காட்டலாம். காட்டினால் போதும், எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தொடக்கத்தில் அவ்வளவு சேர்வது கடினம், ஆனால் சேர்ந்துவிட்டால் இதைவிட மலிவு வேறில்லை.

இல்லையென்றால் ஃப்ரீசைடில் மிக் அண்ட் ரால்ஃப்ஸ் கடையில் ரால்ஃபிடம் போலிப் பாஸ்போர்ட். 500 கேப்ஸ். பார்ட்டர் ஸ்கில் இருந்தால் 375க்கு இறங்குவார். இந்தப் பணம் போனது போனதுதான்.

சயன்ஸ் ஸ்கில் 80 இருந்தால் வாசல் ரோபோவையே ஏமாற்றலாம்.

என்.சி.ஆர். பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் இன்னொரு வழி, என் கணக்கில் இதுதான் சிறந்தது: கேம்ப் மக்கேரனிலிருந்து ஸ்ட்ரிப்புக்கு ஓடும் மோனோரயில். பெயர் அக்செப்டட் ஆகியிருந்தாலோ என்.சி.ஆர். சீருடை போட்டிருந்தாலோ ஏற்றிக்கொள்வார்கள். செலவு ஒன்றும் இல்லை. ஃப்ரீசைடு ரவுடிகளைத் தாண்டவும் வேண்டாம். 4ஆம் படியில் சொன்னதில் பாதியைச் செய்திருந்தாலே இது கிடைத்துவிடும்.

6. மக்கேரனில் சில நாள் தங்குங்கள்

மோனோரயில் ஏறும் முன் இங்கேயே இரண்டு வேலைகள்.

ஒன்று, மேஜர் தாத்ரியின் 'த்ரீ-கார்ட் பவுண்ட்டி'. வயலட், டிரைவர் நெஃபி, குக்-குக் என்ற மூன்று ஃபீண்டுகளின் (போதைக் கொள்ளைக் கும்பல்) தலைகள் வேண்டும். இங்கே 'தலை' என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். தலையைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்க வேண்டும், அடையாளம் தெரியும்படி இருக்க வேண்டும். இத்தனை நேரம் தலையைக் குறிவைத்துச் சுட்டே பழகியிருப்பீர்கள். இங்கே அப்படிச் சுட்டு முகம் சிதறினால் பரிசு குறைந்துபோகும். வாட்ஸில் (உடல் பாகத்தைத் தேர்ந்து குறிவைக்கும் வசதி) உடம்பையோ காலையோ குறிவையுங்கள். வெடிகுண்டைத் தொடவே வேண்டாம். கூட வரும் துணையாட்களும் ஆபத்து. பூன் மாதிரி ஸ்னைப்பர் கூட வந்தால் நீங்கள் சொல்லாமலே தலையைத்தான் பறக்கவிடுவான். இந்த ஒரு வேலைக்கு மட்டும் அவனை வெளியே நிற்கவையுங்கள்.

இரண்டு, கர்னல் ஷூ கொடுக்கும் உளவாளி விசாரணை, 'ஐ புட் எ ஸ்பெல் ஆன் யூ'. முகாமின் தகவல்கள் வெளியே கசிகின்றன. யார் என்று சொல்ல மாட்டேன். இரவில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் பக்கம் ஒளிந்து நின்றால் நீங்களே தெரிந்துகொள்வீர்கள். தாமதித்தாலோ வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யத் தவறினாலோ அந்த மோனோரயில் போய்விடும். அதனால் கோபுரத்துக்குப் போகும் முன் தனியாக ஒரு சேவ் போட்டுக்கொள்ளுங்கள். குயிக்சேவ் வேண்டாம், புதிய ஸ்லாட்.

7. தூதரிடம் போகும் முன் செய்ய வேண்டியவை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தூதர் க்ராக்கரிடம் பேசினால் முக்கியக் கதை நகரத் தொடங்கும். அவருக்குப் பிறகு ஹூவர் அணையில் கர்னல் மூர். மூர் பேச்சுவார்த்தையில் நம்பிக்கை இல்லாதவர். ஒவ்வொரு கூட்டத்தையும் பற்றி 'அழித்துவிடு' என்பதுதான் அவர் முதல் யோசனை. ரத்தமில்லாமல் முடிக்கும் வழிகள் உண்டு. ஆனால் அவற்றுக்கான அடித்தளத்தை நீங்கள் முன்பே போட்டிருக்க வேண்டும். அவர் உத்தரவு கொடுத்த பிறகு ஓடிப்போய்ச் செய்யலாம் என்றால் நாக்கு தள்ளிவிடும்.

பிரதர்ஹுட் ஆஃப் ஸ்டீல்: பழைய தொழில்நுட்பத்தைச் சேர்த்துவைக்கும் கூட்டம், இடம் ஹிடன் வேலி பதுங்கு குழி. 188 டிரேடிங் போஸ்ட்டில் நிற்கும் வெரோனிகாவைச் சேர்த்துக்கொண்டால் உள்ளே போவது எளிது. தனியாகப் போனால் சாமான்களைப் பிடுங்கிக்கொண்டு கழுத்தில் வெடிப் பட்டை மாட்டுவார்கள். முதல் வேலையே பக்கத்துப் பதுங்கு குழியில் இருக்கும் ரேஞ்சர் டாப்சனை அப்புறப்படுத்துவது. அவர் என்.சி.ஆர். ஆள்! கொல்ல வேண்டியதில்லை, பேசியே கிளப்பிவிடலாம். 'ஸ்டில் இன் த டார்க்' குவெஸ்ட்டை முழுதாக முடியுங்கள். காற்றுச் சுத்திகரிப்புக் கருவியின் உதிரிபாகங்களுக்காக வால்ட் 3, வால்ட் 11, வால்ட் 22 என்று மூன்று நிலத்தடிப் புகலிடங்கள் அலைய வேண்டும். கேமில் அதிக நேரம் தின்னும் பகுதிகளில் இது ஒன்று. வால்ட் 22இல் வளரும் செடிகளைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

நடுவில் ஹார்டின் என்பவர் எல்டர் (தலைவர்) மக்நமாராவைப் பதவியிலிருந்து இறக்க உங்களிடம் உதவி கேட்பார். மறுத்துவிடுங்கள். மக்நமாரா எல்டராக இருந்தால்தான் பிற்பாடு என்.சி.ஆரோடு சமாதானம் சாத்தியம். இதைச் செய்யாமல் மூரிடம் போனால் பதுங்கு குழியை வெடிக்கவைப்பதுதான் மிச்ச வழி. வெரோனிகாவும் உங்களை விட்டுப் போய்விடுவாள்.

கிரேட் கான்கள்: ரெட் ராக் கேன்யனில் இருக்கும் கொள்ளைக் கூட்டம், தலைவர் பாப்பா கான். லீஜனின் ஆள் கார்ல் அங்கே உட்கார்ந்துகொண்டு காதில் ஓதிக்கொண்டிருப்பான். அவன் சாயத்தை வெளுத்து, கான்களை லீஜன் உறவிலிருந்து பிரிப்பதை முன்பே செய்யலாம்.

ஃப்ரீசைடின் கிங்ஸ் கும்பல்: 'ஜி.ஐ. ப்ளூஸ்' குவெஸ்ட்டை முடித்து அதன் தலைவர் தி கிங்கிடம் நல்ல பெயர் வாங்கிவையுங்கள். அங்கே என்.சி.ஆர். சார்பில் ரகசியமாக உணவு கொடுத்துக்கொண்டிருக்கும் மேஜர் எலிசபெத் கியரனோடு மோதல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கெல்லாம் ஸ்பீச் (பேச்சு) ஸ்கில் வேண்டும். நியூ வேகஸில் டயலாக் சோதனைகளுக்கு அதிர்ஷ்டம் கிடையாது. தேவையான எண் திரையிலேயே தெரியும், இருந்தால் வெற்றி, இல்லையென்றால் தோல்வி. பத்து குறைகிறதா? ஸ்கில் இதழ் ஒன்றைப் படித்தால் 60 வினாடிக்கு 10 புள்ளி கூடும். 'காம்ப்ரிஹென்ஷன்' பெர்க் (லெவல் ஏறும்போது எடுக்கும் சிறப்புத் திறன்) இருந்தால் 20. பேச வேண்டிய ஆளின் முன்னால் போய் நின்றுகொண்டு படியுங்கள், வாசலில் படித்துவிட்டு ஓடாதீர்கள்.

8. தூதரகம்

இப்போது க்ராக்கரைப் பாருங்கள். முதல் வேலை நெல்லிஸ் விமானத்தளத்தில் தனியாக வாழும் பூமர்கள் என்ற கூட்டம். பக்கத்தில் போனாலே பீரங்கிக் குண்டு மழை. வழியில் ஜார்ஜ் என்ற ஆள் நிற்பார், உயிரோடு போய்ச் சேர மாட்டீர்கள் என்று பந்தயம் கட்டுவார். 300 கேப்ஸ் கட்டினால் குண்டிலிருந்து தப்பும் வழியைச் சொல்வார். முதல்முறை ஆடுகிறவர்கள் கட்டிவிடுங்கள், வீண் செலவு இல்லை.

உள்ளே போனதும் சண்டை கூடாது. சோலார் தகடு பழுது பார்ப்பது, எறும்பு ஒழிப்பது, க்ரிம்ஸன் கேரவனில் இருக்கும் ஜேனட்டுக்கும் இங்கே இருக்கும் ஜாக்குக்கும் தூது போவது என்று சின்னச் சின்ன உதவிகள். ஊரே உங்களை நம்பிய பிறகு லேக் மீட் ஏரியின் அடியில் கிடக்கும் பி-29 குண்டுவீச்சு விமானத்தைத் தூக்கிக் கொடுக்க வேண்டும். இதை முடித்தால் கடைசியில் வரும் ஹூவர் அணைப் போரில் அந்த விமானம் உங்கள் தலைக்கு மேலே பறக்கும். கேமிலேயே எனக்கு மிகவும் பிடித்த காட்சி அது.

அடுத்து கிங்ஸ். இங்கே சிக்கலைத் தீர்க்க க்ராக்கரிடம் போகலாம், மூரிடமும் போகலாம். க்ராக்கரிடம் போனால் நிவாரணம், மூரிடம் போனால் துப்பாக்கி. க்ராக்கரிடமே போங்கள்.

9. கர்னல் மூர்

'ஃபார் த ரிபப்ளிக், பார்ட் 2'. கான்கள், பிரதர்ஹுட், கொமோரா சூதாட்ட விடுதியின் ஒமெர்ட்டாக்கள், ஸ்ட்ரிப்பை ஆளும் மிஸ்டர் ஹவுஸ் என்று நான்கு தலைவலிகளைத் தீர்க்கச் சொல்வார். 7ஆம் படியைச் செய்திருந்தால் முதல் இரண்டையும் பேச்சிலேயே முடிக்கலாம்.

மிஸ்டர் ஹவுஸுக்கு மட்டும் சமாதான வழி இல்லை. அவரைத் தீர்த்த நொடியே அவர் கொடுத்த குவெஸ்ட்டுகள் எல்லாம் தோல்வி என்று வரும். இந்தப் பகுதியில் 'பிவேர் த ராத் ஆஃப் சீசர்!' என்ற அறிவிப்பும் வரலாம். லீஜனின் கதவு மூடப்போகிறது என்பதற்கான எச்சரிக்கை, அவ்வளவுதான். பதற வேண்டாம். ஆனால் 'டோன்ட் ட்ரெட் ஆன் த பேர்!' என்று வந்தால் கவனிக்கவும்: வேறு யாருக்கோ வேலை செய்துகொண்டிருக்கிறீர்கள், என்.சி.ஆர். கதவு மூடப்போகிறது.

மூரிடம் போகும் முன் ஒரு சேவ், ஹவுஸை நெருங்கும் முன் ஒரு சேவ்.

10. அதிபர் வருகையும் அணைப் போரும்

அதிபர் கிம்பல் ஹூவர் அணைக்குப் பேச வருவார். பாதுகாப்புக்குப் பொறுப்பு ரேஞ்சர் கிராண்ட். அவரோடு பேசி முடித்த உடனே சுற்றிப் பாருங்கள், அதிபர் இறங்கும் வரை சும்மா நிற்காதீர்கள். உயரமான இடங்கள், சந்தேகமாக நடமாடும் ஊழியர்கள், கடைசியில் வெர்ட்டிபேர்ட் விமானம் எல்லாவற்றையும் பாருங்கள். அதிபர் மேடையில் பேசத் தொடங்கியபின் சரிசெய்ய நேரம் இருக்காது.

அடுத்தது 'யுரேகா!', கடைசி குவெஸ்ட். இதைத் தொடங்கினால் திரும்பி வர முடியாது. போர் முடிந்ததும் கேமும் முடிந்துவிடும், அதற்குப் பிறகு சுற்றித் திரிய முடியாது. பாதியில் விட்ட குவெஸ்ட்டுகள், நான்கு கதை டி.எல்.சி.க்கள் (தனியாக வந்த கூடுதல் பகுதிகள்) எல்லாவற்றையும் இதற்கு முன் முடித்துவிடுங்கள். அவற்றில் 'லோன்சம் ரோட்' கடைசியில் ஏவுகணைகளை எங்கே அனுப்புவது என்று கேட்கும். என்.சி.ஆர். மேல் விட்டால் இத்தனை நாள் சேர்த்த பெயர் பாழ். 'லாங் 15' என்ற புதிய இடம் திறக்குமே என்று ஆசையாக இருந்தால் தனி சேவ் போட்டுப் பார்த்துவிட்டு பழையதற்கே திரும்பிவிடுங்கள்.

போருக்கு ஸ்டிம்பேக் (காயம் ஆற்றும் ஊசி), குண்டுகள், நல்ல ஆர்மர் எல்லாம் நிறைய வேண்டும். ஸ்பீச்சை 100க்கு ஏற்றிவைத்திருந்தால் கடைசியில் எதிர்ப்படும் லீஜன் தளபதி லெகேட் லேனியஸோடு சுத்தியலும் வாளும் இல்லாமல் பேசியே அனுப்பிவைக்கலாம். அதற்கு ஒவ்வொரு பதிலையும் படித்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 100 இருக்கிறதே என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாதீர்கள். தவறான வரியைத் தொட்டால் அவன் நேராக வாளை உருவுவான், அங்கிருந்து அவனோடு பேச இன்னொரு வாய்ப்பு கிடைக்காது.

ஒரு தொழில்நுட்பக் குறிப்பு: கணினியில் ஆடுகிறவர்கள் முதல் நாளே 4ஜிபி பேட்ச்சைப் போட்டுக்கொள்ளுங்கள். பழைய கேம், நினைவகம் தீர்ந்துபோய் அடிக்கடி விழும். அது விழுவது பெரும்பாலும் நீங்கள் சேவ் போடாமல் ஒரு மணிநேரம் சுற்றிய பிறகுதான்.